களைக்கொல்லி சீக்கிரம் முறிய அன்னபேதி போடலாமா?

கேள்வி: மக்காச்சோளத்துல அகல இலை களைக்கு 2,4-டி அடிச்சு 12 நாள் ஆச்சு சார். பயிர் பாதி முளைக்கவே இல்ல, அதனால அழிச்சுட்டு உளுந்து விதைக்கலாம்னு இருக்கேன். மருந்தை முறிக்கிற என்சைம்ல இரும்பு இருக்கு, ஏக்கருக்கு 10 கிலோ அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டா மருந்து சீக்கிரம் போயிடும்னு ஒருத்தர் சொல்றார். போடலாமா?

பதில்: வேண்டாம்ங்க, காசு தான் தண்டம். என்சைம்ல இரும்பு இருக்குன்னு அவர் சொன்னது நிஜம் தான். மண்ணுல சில பாக்டீரியா 2,4-டியையே சாப்பாடா எடுத்துக்கும், அதுங்ககிட்ட இருக்குற டிஎஃப்டிஏ-ங்கிற என்சைமோட நடுவுல ஒரே ஒரு இரும்பு அணு இருக்கு, அது காத்துல இருக்குற ஆக்சிஜனைப் பிடிச்சு மருந்தோட பக்கவாட்டுச் சங்கிலியை வெட்டி விட்டுடும், மிச்சம் டைக்ளோரோஃபீனால். அதை இன்னொரு என்சைம் குளோரோகேட்டகாலா மாத்துது, அப்புறம் மறுபடியும் இரும்பு உள்ள வேற ஒரு என்சைம் வந்து மருந்தோட உடம்பா இருக்குற கார்பன் வளையத்தையே உடைச்சு திறக்குது. வளையம் உடைஞ்சா கதை முடிஞ்சுது, மிச்சத்தை பாக்டீரியா தின்னுடும். உங்க மக்காச்சோளம் இந்த மருந்துக்கு சாகாம நிக்கறதுக்கும் ஒரு இரும்பு என்சைம் தான் முக்கிய காரணம், பி450-ன்னு பேரு, உளுந்து மாதிரி அகல இலைப் பயிர்ல மருந்தை முறிக்கற அந்த வேலை இந்த வேகத்துக்கு நடக்காது.

ஆனா மண்ணுல இரும்புக்கு பஞ்சமே கிடையாது. ஒரு ஏக்கர்ல மேல் அரை அடி மண்ணு சுமார் 9 லட்சம் கிலோ இருக்கும், அதுல நூத்துக்கு ஒரு பங்கு தான் இரும்புன்னு குறைச்சு வச்சாலே 9,000 கிலோ. நீங்க போடற 10 கிலோ அன்னபேதில இரும்பு வெறும் 2 கிலோ, அதுவும் சுண்ணாம்பு மண்ணா இருந்தா போட்ட கொஞ்ச நாள்லயே துருவா மாறி கரையாமப் போயிடும். பாக்டீரியாவுக்கு வேண்டிய துளி இரும்பை அதுங்களே ஒரு பொருளைச் சுரந்து மண்ணுல இருந்து இழுத்துக்கும். (இலை வெளுக்கற இரும்புச் சத்து குறைபாட்டுக்கு அன்னபேதி தெளிக்கறது வேற விஷயம், அதைக் குழப்பிக்காதீங்க.)

நிஜமா குறையறது காத்தும் ஈரமும் தான். மேல சொன்ன ஒவ்வொரு வெட்டுக்கும் ஆக்சிஜன் வேணும்ல, அதனால தண்ணி தேங்கி நின்னா மருந்து மாசக்கணக்குல கிடக்கும், ஒரேயடியா காஞ்சு கிடந்தாலும் பாக்டீரியா வேலை செய்யாது. வெதுவெதுப்பா லேசான ஈரத்தோட இருக்குற மண்ணுல பாதி மருந்து முறிய சாதாரணமா ஒரு வாரம் பத்து நாள் தான். அதனால காஞ்சிருந்தா லேசா ஒரு தண்ணி விட்டு, பதம் வந்ததும் மேலாக்க உழுது விடுங்க, மக்குன தொழுவுரம் இருந்தா போடுங்க. முன்னாடியும் இதே மருந்து அடிச்ச வயல்னா இன்னும் சீக்கிரமே முறியும், ஏன்னா இதைத் தின்னு பழகுன பாக்டீரியா அங்க ஏற்கெனவே பெருகி இருக்கும்.

12 நாள்ல விதைக்காதீங்க, அடிச்சதுல இருந்து ஒரு மாசமாவது விடுங்க, டப்பா லேபிள்ல அதுக்கு மேல போட்டிருந்தா அதைக் கேளுங்க. கூட அட்ரசின்ங்கிற களைக்கொல்லியும் கலந்து அடிச்சிருந்தா கணக்கே வேற, அது ரொம்ப நாள் நிக்கும், உளுந்தைக் கெடுக்கும். விதைக்கறதுக்கு முன்னாடி வயல் மண்ணு ஒரு தொட்டியிலயும் மருந்து படாத மண்ணு இன்னொரு தொட்டியிலயும் எடுத்து ரெண்டுலயும் உளுந்து போட்டு ரெண்டு வாரம் பாருங்க, வயல் மண்ணுல மட்டும் இலை கிண்ணம் மாதிரி சுருண்டு தண்டு முறுக்கிக்கிட்டா இன்னும் காத்திருங்க. அந்த ஸ்பிரேயரை நல்லா கழுவாம உளுந்துக்கு எடுக்காதீங்க, டேங்க்ல மிஞ்சுன மருந்தும் பயிரைக் கெடுத்துடும்.