மேப் பார்த்தாலும் ஃபைனா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். போன வாரம் சில்க் போர்டு சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தி, போனை இடது கையில் வைத்து மேப் பார்த்தேன். யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் 1,500 ரூபாய் அபராதம் என்று மெசேஜ் வந்தது. வழி பார்க்கச் சட்டமே அனுமதிக்கிறது என்கிறார் நண்பர். ஓர் ஏஜென்ட் 700 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். லைசென்ஸுக்கு ஆபத்து வருமா? வழியில் மனைவியின் அழைப்பையும் எடுக்காமல் இருக்க முடிவதில்லை.

பதில்: முதலில் அந்த ஏஜென்ட்டை விடுங்கள். கணினியில் ஏறிவிட்ட சலானை வெளியாள் அழிக்க முடியாது. 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு நிலுவை அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தது. அதிலிருந்து "பாதியில் முடிக்கிறேன் சார்" என்பவர்களுக்கு நல்ல அறுவடை. என்னிடம் வந்த கேப் டிரைவர் ஒருவர் இப்படிக் கொடுத்து, போலி ரசீதை லேமினேட் செய்து வண்டியிலேயே வைத்திருந்தார். சலான் அப்படியே நின்றது.

வந்த மெசேஜ் உண்மைதானா என்றும் பாருங்கள். "ஆர்டிஓ சலான்" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வந்தால் தொடவே தொடாதீர்கள். அது மோசடி ஆப். இன்ஸ்டால் செய்தால் ஓடிபி உட்பட எல்லாம் மோசடிக்காரன் கைக்குப் போய்விடும். லிங்க் வழியாகப் போகாமல், அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

சரி, மேப் விஷயம். உங்கள் நண்பர் பாதி சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில், கையில் போன் வைத்து ஓட்டுவதை 2019 திருத்தம் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்த்தது. பிறகு 2020 அக்டோபரில் விதியைத் திருத்தி, ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்றார்கள். இதில் "மட்டும்" முக்கியம். மேப் ஓடும்போதே வந்த மெசேஜைத் திறந்தால் சலுகை போயிற்று. வழியில் புது முகவரி டைப் செய்தாலும் அப்படித்தான். கவனம் சிதறாத வகை என்றால் எந்த வகை? ஸ்டாண்டில் மாட்டினால் போதுமா, சிக்னலில் கையில் எடுக்கலாமா, ஒன்றும் எழுதவில்லை. எழுதியவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்திருக்க, நடுரோட்டில் போலீசும் நீங்களும் வாதாட வேண்டியிருக்கிறது. சிக்னலில் நின்றாலும் ஓட்டுவதாகத்தான் போலீஸ் எடுத்துக்கொள்ளும். கேமரா படத்தில் கையும் போனும் தெரியும், திரையில் என்ன இருந்தது என்று தெரியாது. நீதிமன்றம் போய் வாதாட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 1,500 ரூபாய்க்காக எத்தனை நாள் லீவு போடுவீர்கள்? படம் உங்கள் வண்டிதான் என்றால் கட்டிவிடுங்கள்.

லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைக்கச் சட்டத்தில் வழி உண்டு. முதல் தடவை, அதுவும் கேமரா சலான் என்றால் பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய் வரை போகலாம்.

இனி சிக்காமல் இருக்க: 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. "யார் கூப்பிடுகிறார்கள்" என்று இரண்டு நொடி குனிந்தால் 22 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு பிஎம்டிசி பஸ் நீளம். ஓசூர் ரோட்டில் அதற்குள் முன்னால் மூன்று பேர் பிரேக் போட்டிருப்பார்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுகிறவர்களுக்குக் கை காலியாக இருக்கிறதே என்று நினைப்பு. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஒரு காது அடைத்திருக்கும், மனசு வீட்டில் இருக்கும். ப்ளூடூத்திலும் மனசு வீட்டில்தான்.

கிளம்பும் முன் வழியைப் போட்டு, போனை ஸ்டாண்டில் மாட்டி, குரலைக் கேட்டு ஓட்டுங்கள். அதிர்வில் சில போன்களின் கேமரா கெட்டுப்போகும், அதனால் ரப்பர் வைத்த ஸ்டாண்டாக வாங்குங்கள். ஐபோனில் 'டிரைவிங் ஃபோகஸ்' உண்டு, ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இதுபோல் ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் மணி அடிக்காது. (டெலிவரி பையன்களுக்கு இதைச் சொல்ல எனக்கே கூச்சம். ஓடும்போதே திரையைத் தொடு என்கிறது ஆப், அபராதம் மட்டும் பையன் தலையில்.)

உங்கள் மனைவி "எங்கே இருக்கீங்க" என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். ஆபீஸ் பார்க்கிங்கிலேயே வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரத்துக்கு லைவ் லொகேஷன் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் சில்க் போர்டில் நிற்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.