காலமான நண்பரின் ஆடியோ சாதனங்களை நியாயமான விலைக்கு விற்றுக் கொடுப்பது எப்படி?

அவசரப்படாமல், ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, குறை நிறையைச் சொல்லி, தனித்தனியாக விற்க வேண்டும். இதை நான் ஒரு முறை செய்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் நண்பர் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு எண்பதுகளில் சென்னை திரும்பியவர். சம்பாதித்ததில் கணிசமான பங்கை ஆடியோவில் போட்டவர். ரெக்கார்டு சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள், பெரிய சக்கர டேப் ஓட்டும் அகாய் ஜிஎக்ஸ் ஸ்பூல் டெக், ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த சான்சுய் ரிசீவர் இரண்டு, சோனோடைன் ஸ்பீக்கர், அலமாரி நிறைய ரெக்கார்டுகள். அவர் போன பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே ஒருவர் வந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை பேசினார். "பழைய சாமான் அண்ணி, இதுக்கு மேல யாரும் தரமாட்டாங்க" என்று நண்பரின் மனைவியிடம் சொன்னார். பின்னால் அந்த டர்ன்டேபிள் ஒன்றே அந்தத் தொகைக்கு மேல் போனது. துக்க வீட்டில் சொல்லப்படும் எந்த விலைக்கும் தலையாட்டாதீர்கள். "எனக்குத் தருவதாக அவர் சொல்லியிருந்தார்" என்று வருபவர்களுக்கும் அதே பதில்தான்: வீட்டாரைக் கேட்டுச் சொல்கிறேன்.

பொருள் யாருடையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உயில் எழுதாத ஓர் ஆணின் சொத்தில், இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், உயிரோடிருந்தால் தாய் என எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆகவே பட்டியல் போட்டு, படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் அனுப்பி, "விற்கலாம்" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். எதை விற்க வேண்டாம் என்பதையும் அப்போதே கேளுங்கள். "காலையில ரேடியோ கேக்கணும் தம்பி, அது ஒண்ணு இருக்கட்டும்" என்றார் அண்ணி. இரண்டு சான்சுய்களில் ஒன்று ஜப்பான் உள்நாட்டு மாடல். அதன் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான்; நம்மூர் நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கின்றன. மின்சாரமும் 100 வோல்ட், தனியே ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எனவே ஏற்றுமதி மாடலை வீட்டில் வைத்துவிட்டு, மற்றதை இந்த விவரத்தைச் சொல்லியே குறைந்த விலைக்குக் கொடுத்தோம்.

இனி முக்கியமான வேலை. பல வருஷம் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபையரை நேரே பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் வழியாகக் கொடுங்கள், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றின் வழியாக மின்சாரம் போகும் இணைப்பு. பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் பெரும்பாலும் பயமில்லை. மங்காமல் அப்படியே எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்திவிடுங்கள். ஸ்பீக்கரை மாட்டும் முன் அவுட்புட்டில் மல்ட்டிமீட்டர் வைத்து டிசி (நேர்மின்சாரம்) கசிகிறதா பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கர் எரிந்துபோகும். ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் அது பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பு என்றால் தாங்கியிருக்கும். டெக்னிக்ஸில் வேகக் கட்டுப்பாட்டைப் பூஜ்யத்தில் வைத்து ஓடவிட்டால், தட்டின் ஓரத்துப் பெரிய புள்ளிகள் பக்கத்துச் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் அசையாமல் நிற்க வேண்டும்; நின்றால் வேகம் சரி. இவருடையதில் நின்றன. ஊசி தேய்ந்திருந்தது. அது இருந்த கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் சின்னப் பாகம், ஷ்யூர் கம்பெனியுடையது; அந்தக் கம்பெனி 2018-ல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஜப்பானின் ஜிகோ கம்பெனி மாற்று ஊசிகள் செய்கிறது என்பதை வாங்கியவரிடம் சொல்லிவிட்டேன்.

ஸ்பூல் டெக், கேசட் டெக் இருந்தால், அவற்றை விற்பதற்கு முன் டேப்புகளைக் கணினியில் ஏற்றிவிடுங்கள். டெக் போய்விட்டால் அந்த டேப்புகளைப் போட வீட்டில் வேறு மெஷின் இருக்காது. மேலே சினிமாப் பாட்டு என்று எழுதியிருக்கும் ஸ்பூலில் பாதிக்கு மேல் குழந்தைகள் பேசியது இருந்தது. வீட்டில் யாருக்கும் அது நினைவிலேயே இல்லை. டெக்கின் பின்னாலுள்ள லைன் அவுட் துளையிலிருந்து, ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்தால் போதும், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். இந்த ஒன்றுக்காக விற்பனை தள்ளிப்போனாலும் போகட்டும்.

விலைக்கு வருவோம். விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இ-பேயில் விற்றவற்றை மட்டும் காட்டச் சொல்லலாம். வெளிநாட்டு விலையை அப்படியே ரூபாயாக்கினாலும் தப்பு. கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்து இங்கே சில பொருட்கள் அதிகம் போகும், ஆள் தேடாத சில பொருட்கள் பாதிக்கும் போகாது. அந்தத் தொகையிலிருந்து ரிப்பேர் செலவைக் கழியுங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருப் பக்கம் பழகிய மெக்கானிக்கிடம் கேட்டால் ஓரளவு சொல்லிவிடுவார். குறையை விளம்பரத்திலேயே படத்தோடு போடுங்கள். வாங்குபவர் வீட்டுக்கு வந்து தன் ரெக்கார்டைப் போட்டுக் கேட்கட்டும். இறந்தவர் பெயரில் ஒரு பழுதை மறைத்து விற்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம். அதே சமயம், நண்பர் வீட்டுப் பொருள்தானே என்று வருபவருக்கெல்லாம் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

எனக்கும் அந்த டெக்னிக்ஸ் மேல் ஆசை இருந்தது. விற்பவனே வாங்குபவனாக நின்றால் விலை நியாயமாக இருக்காது, அதனால் கேட்கவில்லை. நீங்கள் எதையாவது வாங்க விரும்பினால் விலையை மூன்றாவது ஆள் சொல்லட்டும்.

பணம் நேராக வீட்டார் கணக்குக்குப் போகட்டும். ராணுவத்தில் இருக்கிறேன், பார்க்காமலே வாங்குகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினால் பணம் வரும் என்று ஒரு அழைப்பு வரலாம். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம், துண்டித்துவிடுங்கள். டர்ன்டேபிளை வெளியூர் அனுப்பினால் தட்டையும், டோன் ஆர்ம் எனும் ஊசிக் கையின் பின்னாலுள்ள எதிர் எடையையும் கழற்றித் தனியே சுற்றி, ஊசிக்கு மூடி போட்டு, டோன் ஆர்மைக் கட்டி அனுப்புங்கள். ஓடாத டெக் எதையும் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். டேப்பை வாசிக்கும் ஹெட், மோட்டார், குமிழ் என்று அதிலிருந்து உதிரி பாகம் எடுக்கக் காத்திருக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.