மிளகு ஓர் இடத்தில் இருப்பதில்லை

வணக்கம் சார்,

நீங்கள் அவ்வப்போது தளத்தில் போடும் வீட்டுப் படங்களைப் பார்த்துத்தான் எனக்கும் இந்த ஆசை வந்தது. நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் ரெக்கார்டு நோட்டில் படம் போட்டதோடு சரி, அதற்கப்புறம் பென்சிலைத் தொட்டதில்லை. போன வருடம் ஒரு ஸ்கெட்ச் புக் வாங்கினேன். வீட்டில் அம்மா, நான், மிளகு என்று ஒரு வரிப்பூனை. வேறு யாரும் இல்லாததால் இவர்களைத்தான் வரைகிறேன்.

பிரச்சினை மிளகுதான். தூங்குகிறதே என்று நோட்டை எடுத்து உட்கார்ந்தால், கண்ணும் காதும் போட்டு முடிப்பதற்குள் புரண்டு படுத்துவிடும். பாதிப் பூனை, கால் பூனை என்று பக்கம் பக்கமாக நிற்கிறது. கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட இருக்கிறது. அதனால் இப்போது போனில் படம் எடுத்து அதைப் பார்த்து வரைகிறேன். முழுசாக முடிகிறது, நிழல்கூட வைக்க முடிகிறது. ஆனால் அது மிளகு இல்லை. கடையில் விற்கிற பொம்மை மாதிரி இருக்கிறது. போட்டோ பார்த்து வரைவது தப்பா?

அம்மா இன்னொரு பக்கம். நோட்டை எடுத்தாலே "நைட்டியில இருக்கேன், என்னைப் போடாதே" என்று முகத்தை மூடிக்கொள்கிறார். மீறி வரைந்து காட்டினால் "இது யாரு, எங்க பெரியம்மா மாதிரி இருக்கு" என்கிறார். கீரை ஆய்வதும் துணி மடிப்பதும் வரைகிற அளவுக்கு ஒரு விஷயமா என்றும் சில சமயம் தோன்றுகிறது. இதையெல்லாம் இன்ஸ்டாகிராமில் போடலாமா? எந்த நோட்டு, எந்தப் பேனா நல்லது என்றும் சொல்லுங்கள். சில பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கா., விருதுநகர்

அன்புள்ள கா.,

பக்கங்களைப் பார்த்தேன். கிழித்துப் போடலாமா என்று கேட்டீர்களே, அந்தப் பாதிப் பூனைப் பக்கம்தான் இருப்பதில் நல்ல பக்கம். வலது மூலையில் ஒரே கோடாக ஒரு முதுகு வளைந்து இறங்கி வாலில் முடிகிறது. வேறு எதுவும் இல்லை. ஆனால் வயிறு தரையில் பரவிக் கிடப்பதும், உடம்பு மொத்தமும் இடுப்புப் பக்கம் சாய்ந்திருப்பதும் அந்தக் கோட்டிலேயே தெரிகிறது. போட்டோ பார்த்துப் போட்டதில் மீசை மயிர்வரைக்கும் இருக்கிறது, எடை இல்லை. பூனை தரையில் படுத்திருக்கிறது என்று நம்ப முடியவில்லை.

போட்டோ பார்த்து வரைவதில் தப்பு ஒன்றும் இல்லை. போன் கேமரா என்ன செய்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் லென்ஸ் அகலமாகப் பார்க்கிற லென்ஸ். மிளகின் முகத்துக்குப் பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கும் நெற்றியும் பெருத்து, பின்பக்கம் சுருங்கிப்போகும். போட்டோவில் அது உறுத்தாது, நமக்குப் பழகிவிட்டது. அதையே பென்சிலில் எடுத்துப் போட்டால் தலை பெருத்த பூனை வந்து நிற்கும். உங்கள் படத்தில் ஆகியிருப்பது அதுதான், கைக்குறை இல்லை. போட்டோதான் வேண்டுமென்றால் நாலைந்து அடி தள்ளி நின்று, பூனையின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். பாதி வித்தியாசம் அதிலேயே சரியாகிவிடும். இன்னொன்று, எது முக்கியம் என்று போட்டோ சொல்லாது. மீசையும் முதுகெலும்பும் அதற்கு ஒன்றுதான். மிளகு எந்த நிமிஷமும் எழுந்து போய்விடும் என்கிற பயத்தில் வரையும்போது நீங்களாகவே முதுகைத்தான் பிடிக்கிறீர்கள்.

பாதியில் நிற்பதைப் பற்றி இவ்வளவு வருத்தம் வேண்டாம். லியனார்டோ டா வின்சி 1510களில் வரைந்த ஒரு தாள் இங்கிலாந்தின் அரச சேகரிப்பில் இருக்கிறது. ஒரே தாளில் இருபதுக்கும் மேற்பட்ட குட்டிக் குட்டி உருவங்கள். பூனை சுருண்டு படுக்கிறது, நக்கிக்கொள்கிறது, இன்னொன்றோடு கட்டிப் புரள்கிறது, பதுங்குகிறது. பெரும்பாலானவை சில கோடுகள்தான். நடுவில் சிங்கங்கள் வருகின்றன, எங்கிருந்தோ ஒரு டிராகனும் வந்து உட்கார்ந்திருக்கிறது. பூனையைப் பார்த்துக்கொண்டே போனதில் முதுகு வளைகிற விதம் பிடிபட்டுவிட்டது, அப்புறம் இல்லாத மிருகத்தையும் அதே உடம்பில் செய்து பார்த்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தத் தாளில் யாரும் ஒரு முழுப் பூனையைத் தேடுவதில்லை.

நீங்களும் ஒரு பக்கத்துக்கு ஒரு பூனை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மிளகு புரண்டதா, விட்டுவிட்டுப் பக்கத்திலேயே அடுத்ததை ஆரம்பியுங்கள். அதுவும் கலைந்ததா, மூன்றாவது. வீட்டுப் பூனை புதிதாக எதையும் செய்வதில்லை. நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்குகிற பிராணி அது. சுருண்டு படுப்பது, முன்னங்கால்களை மார்புக்கடியில் மடித்துக்கொண்டு உட்காருவது, பின்னங்காலை மேலே தூக்கி நீட்டிக்கொண்டு நக்குவது என்று நாலைந்து நிலைகளுக்குள்தான் சுற்றிச் சுற்றி வரும். காலையில் பாதியில் விட்ட நிலை சாயங்காலம் திரும்ப வரும், இல்லையென்றால் நாளைக்கு வரும். அப்போது பழைய கோட்டிலேயே தொடருங்கள். ஒரே படத்தில் திங்கட்கிழமை முதுகும் வியாழக்கிழமை காதும் இருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் பூனையைப் பார்த்திருப்பீர்கள். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனை, சுற்றிலும் எலிகள். எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். எனக்கு அதைவிட அங்கே இருக்கிற மான் பெரிய விஷயம். பின்னங்காலைத் தூக்கிக் குளம்பால் முகத்தைச் சொறிந்துகொள்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்கு எந்த மானும் அப்படி நின்று காட்டியிருக்காது. சொறிகிற நேரம் சில நொடி. ஆனால் மான் தினமும் சொறியும், பலமுறை சொறியும். கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது, ஒரு கால் மேலே போனதும் மற்ற மூன்று கால்களும் எப்படிச் சமாளிக்கின்றன என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருக்க வேண்டும். உங்கள் மிளகுக்கும் வேறு வழி கிடையாது.

எங்கே ஆரம்பிப்பது என்பதையும் மாற்றிப் பாருங்கள். நீங்கள் கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், கடிதத்திலேயே தெரிகிறது. எல்லோரும் அப்படித்தான். கண்ணை ஒழுங்காகப் போட்டு முடிப்பதற்குள் பூனை அடுத்த அறைக்குப் போயிருக்கும். முதலில் பிடரியிலிருந்து வால்வரை ஒரே கோடு. அடுத்து உடம்பு தரையைத் தொடுகிற இடம், அங்கே கொஞ்சம் அழுத்திப் போடுங்கள். மூன்றாவது காதுகள் இரண்டும், அவை எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதோடு. இந்த மூன்றும் இருந்தால் அது மிளகு. முகம் கடைசியில், அதுவும் கிடைத்தால். வரிகளைச் சும்மா நிரப்பாதீர்கள். வரி உடம்பின் உருண்டையைச் சுற்றித்தான் போகும், அதனால் முதுகுத் தண்டிலிருந்து வயிற்றுக்கு வளைந்து இறங்குகிற மாதிரி போட்டால் நிழலே வைக்க வேண்டாம். வரிப்பூனை வளர்ப்பவருக்கு இது ஒரு சலுகை. கறுப்புப் பூனைக்காரர்கள் பாவம்.

கொஞ்சம் எலும்பும் தெரிந்துகொள்ளுங்கள், ரெக்கார்டு நோட்டு போட்ட கைதானே. பூனைக்குக் கழுத்தடியில் இருக்கிற காறை எலும்பு பெயருக்குத்தான் இருக்கிறது, தோளை அது கட்டிப்போடுவதில்லை. அதனால் பல்லியைப் பார்த்துப் பதுங்கும்போது தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகுக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டு மேட்டையும் போட்டால் போதும், பதுங்கல் வந்துவிடும். அதே மாதிரி நாய், பூனை இரண்டுக்கும் பின்னங்காலில் பின்னோக்கி மடங்குவதை நாம் முட்டி என்று நினைத்து வரைந்துவிடுகிறோம். அது குதிகால். இரண்டும் விரல்களால்தான் நடக்கின்றன. உண்மையான முட்டி மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இது ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் தெருவில் போகிற எந்த நாயின் காலும் புதிதாகத் தெரியும்.

பூனை எழுந்து போனபிறகு என்ன செய்வது? நோட்டை மூடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாரிஸில் ஒராஸ் லெகோக் என்று ஓர் ஓவிய ஆசிரியர் இருந்தார். சிற்பி ரோடின் அவரிடம் படித்தவர். பொருளை நன்றாகப் பார்க்கச் சொல்லி, அது கண்ணெதிரே இல்லாதபோது நினைவிலிருந்து வரைய வைப்பது அவருடைய பயிற்சி முறை. மிளகு அதை உங்களுக்கு இலவசமாகக் கற்றுத் தருகிறது. கொஞ்ச நேரம் வரையாமல் வெறுமனே பாருங்கள். தலை எந்தப் பக்கம், எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, வால் எதற்கடியில் போகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். அப்புறம் பூனையைப் பார்க்காமல், நோட்டை மட்டும் பார்த்து வரையுங்கள். ஆரம்பத்தில் கோணல்மாணலாக வரும், வரட்டும்.

நோட்டும் பேனாவும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க வேண்டும். ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1995 வாக்கில் தன்னுடைய இரண்டு டாக்ஸ்ஹண்ட் நாய்களை, ஸ்டான்லி, பூட்ஜி என்று பெயர், 40க்கும் மேற்பட்ட ஓவியங்களாக வரைந்தார். நாய்கள் எங்கே படுக்கும் என்று பார்த்து வீட்டில் ஆங்காங்கே ஈசலை, அதாவது படம் வரையும் தாங்கியை, தாழ்வாக நிறுத்தி, வண்ணங்களைத் தயாராக வைத்திருந்தார். உலகம் கொண்டாடுகிற ஓவியருக்கே நாய் காத்திருக்கவில்லை. நமக்கு ஈசல் எல்லாம் வேண்டாம், ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டு, டிவி பக்கத்தில் ஒரு பென்சில் இருந்தால் சரி. அலமாரிக்குள் பத்திரமாக இருக்கிற ஸ்கெட்ச் புக்கை எடுத்து வருவதற்குள் மிளகு பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும்.

இனி அம்மா. அவர் முகத்தை மூடிக்கொள்வது நியாயம், மூடட்டும். நீங்கள் முகத்தை விட்டுவிடுங்கள். சாயல் வர வேண்டும் என்கிற பாரம் இருக்கிறவரை கோடு நடுங்கத்தான் செய்யும், பெரியம்மாவும் வரத்தான் செய்வார். அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கும்போது பின்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலோ பாருங்கள். ஒரு கால் பலகையை அழுத்திக்கொண்டிருக்கும், அந்த முட்டி உயர்ந்து தோளுக்குப் பக்கத்தில் நிற்கும். முதுகு முன்னால் சாய்ந்திருக்கும். இரண்டு கையும் அரிவாளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் காயைப் பிடித்துத் தள்ளும். மேடையில் கட்டை வைத்துக் கத்தியால் நறுக்குகிறவருக்கு இந்த உட்காருகை கிடையாது. நம் வீடுகளிலும் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் அது வரைகிற அளவுக்கு ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில், ஆமாம், அதுவும் சீக்கிரம். துணி மடிப்பதில் கைகள் மட்டும் போதும். சேலையை மோவாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையையும் விரிக்கிற ஒரு நொடி இருக்கிறதே, அதற்காகவே நான் காத்திருப்பேன்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பேனா ஓவியம் ஒன்று பெர்லினில் இருக்கிறது, 1635 வாக்கில் வரைந்தது. அடம்பிடிக்கிற குழந்தையை ஒரு பெண் தூக்கிக்கொண்டு போகிறாள். பின்னால் ஒரு கிழவி விரலை நீட்டி மிரட்டுகிறாள். குழந்தை உதைக்கிற உதையில் ஒரு செருப்பு காலிலிருந்து கழன்று விழுகிறது. அந்தச் செருப்புதான் படமே. விஷயம் சின்னதா பெரிதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. நம் சென்னை ஓவியர் ஆர்.பி. பாஸ்கரனை எடுத்துக்கொள்ளுங்கள், பல வருடங்களாகப் பூனையையே ஒரு வரிசையாக வரைந்திருக்கிறார். உங்களுக்கு மிளகு போதாதா?

இன்ஸ்டாகிராம் பற்றி. மிளகின் படங்களைத் தாராளமாகப் போடுங்கள், அது வழக்குப் போடாது. அம்மாவின் படத்தை அம்மாவிடம் கேட்காமல் போடாதீர்கள், முகம் இல்லாவிட்டாலும். நைட்டியில் இருக்கிறேன் என்றவர் அதைச் சும்மா சொல்லவில்லை. என்னைக் கேட்டால் ஒரு வருடத்துக்கு எதையுமே போட வேண்டாம் என்பேன். நாலு பேர் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் கை முழுப் பூனையைத் தேட ஆரம்பித்துவிடும். ஆனால் இது என் சுபாவம். போட்டால்தான் தொடர்ந்து வரைய முடிகிறது என்கிறவர்களும் இருக்கிறார்கள், நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நோட்டு ஏ5 அளவு போதும், அட்டை கெட்டியாக இருக்கட்டும், நின்றுகொண்டும் வரையலாம். தாளின் கனம் 120 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கு) குறையாமல் இருந்தால் பின்பக்கம் மை தெரியாது. வாட்டர் கலர் தொடுகிற எண்ணம் இருந்தால் 200க்கு மேல் வாங்குங்கள், இல்லாவிட்டால் தாள் சுருளும். பென்சில் என்றால் 2பி அல்லது 4பி. 6பி அழகாகத்தான் இருக்கும், நோட்டை மூடித் திறந்தால் எதிர்ப்பக்கமும் கறுப்பாகியிருக்கும். நான் பெரும்பாலும் சாதாரண பால்பாயின்ட் பேனாவில்தான் வரைகிறேன். தண்ணீர் பட்டாலும் கரையாது, மெதுவாகத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் கறுப்பு, அழிக்கவும் முடியாது. அழிக்க முடியாதது நல்லது, ஏனென்றால் ரப்பரைத் தேடுகிற நேரத்தில் மிளகு எழுந்துவிடும். ஜெல் பேனாவிலும் மைப்பேனாவிலும் ஈரக்கை பட்டால் கோடு பரவும், சமையலறையில் வைத்து வரைவதாக இருந்தால் அவை வேண்டாம்.

அடுத்த முறை அனுப்பும்போது போட்டோ பார்த்துப் போட்டவற்றை விட்டுவிடுங்கள், பாதிப் பக்கங்களை மட்டும் அனுப்புங்கள். ஸ்கேன் எல்லாம் வேண்டாம், ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்து நேர்மேலிருந்து போனில் எடுத்தாலே எனக்குத் தெரியும்.

அன்புடன்