பிள்ளைகளை விட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாமா?

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

என் பெயரைப் போட வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஊர், வயது 34. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மூத்தவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், சின்னவனுக்கு இரண்டரை வயது. வீட்டில் நானும் மாமியாரும் பிள்ளைகளும்தான்.

என் எடை 112 கிலோ, உயரம் 158 செ.மீ. கல்யாணத்தின்போது 70 கிலோ இருந்தேன். இரண்டு பிரசவத்திலும் ஏறியது இறங்கவே இல்லை. பேலியோ, நடைப்பயிற்சி, நாட்டு மருந்துப் பொடி என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். குறையும், அப்புறம் இரண்டு மடங்காக ஏறும். சின்னவன் பிறந்த பிறகு சர்க்கரையும் வந்துவிட்டது. மாத்திரை போட்டும் கட்டுக்குள் வரவில்லை. ராத்திரியில் மூச்சு அடைத்து முழித்துக்கொள்கிறேன். பகலில் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்குகிறது.

போன மாதம் சின்னவன் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டான். திண்ணையில் உட்கார்ந்திருந்த நான் கையை ஊன்றி எழுந்து நிற்பதற்குள் அவன் பாதி ரோட்டில் நிற்கிறான். தண்ணி கேன் போட வந்த பையன் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிப்போய்த் தூக்கினான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தக்கூட மூச்சு வரவில்லை. அன்றுதான் ஆபரேஷன் என்று முடிவெடுத்தேன்.

கோவையில் காட்டினோம். எடை குறைய, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் முப்பது நாள் லீவில் வருகிறார். அதற்குள் முடிக்க வேண்டும். இரண்டு வாரம் அவரும் நானும் கோவையில் இருப்போம், பிள்ளைகள் மாமியாரிடம்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் இதே ஆபரேஷன் செய்துகொண்டபோது என் மாமியார், "வாயைக் கட்ட முடியாம வயித்த அறுத்துக்கிட்டா" என்றார். அதனால் அவரிடம் குடலிறக்கம் என்றே சொல்லப்போகிறோம். என் அம்மா, "சின்னவன் தூங்கும்போது கிளம்பிடு, அழுதா நீ தாங்க மாட்டே" என்கிறார். அக்கா மட்டும்தான் விஷயம் முழுதும் தெரிந்தவள். அவளோ, "அழகுக்காக ரெண்டு பச்சப் புள்ளைய விட்டுட்டுப் போறியா?" என்று கேட்டுவிட்டாள். அந்த வார்த்தை நெஞ்சிலேயே நிற்கிறது. மூத்தவள் வேறு, "மீட்டிங்குக்கு நீங்க வேண்டாம்மா, ஆச்சி வரட்டும்" என்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நான் சுயநலமாக நடந்துகொள்கிறேனா? திரும்பி வராமல் போய்விட்டால்? சின்னவன் என்னை மறந்துவிடுவானா? மனசு சரியில்லாதபோது எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்களையில் நின்றபடியே காராச்சேவு பாக்கெட்டைக் காலி பண்ணிவிடுகிறேன். அதையும் சொல்லிவிட்டேன். திட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புச் சகோதரிக்கு,

திட்ட எதுவுமில்லை. முதலில் அக்காவின் வார்த்தையை எடுத்துக்கொள்வோம். உயரத்துக்கு எடை எவ்வளவு கூடுதல் என்று காட்டும் பிஎம்ஐ கணக்கு, உங்களுக்கு 45-ஐ ஒட்டி வருகிறது. 35-ஐத் தாண்டினாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும் இந்த ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்று உடல் பருமன் அறுவை மருத்துவர்களின் சர்வதேசச் சங்கங்கள் 2022-இல் சொல்லிவிட்டன. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு அந்த வரம்பு இன்னும் குறைவு. உங்களுக்கோ சர்க்கரை இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு அடைப்பதும் இருக்கிறது. இதில் அழகு எங்கே வந்தது? ஒருவேளை அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் ஓர் ஓரத்தில் இருந்தால் இருக்கட்டும், அது குற்றமில்லை. ஆனால் நீங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தை அக்காவிடம் சொல்லியிருக்கிறீர்களா? எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள்.

திரும்பி வராமல் போய்விட்டால் என்ற பயம், சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த அம்மாவுக்கும் வரும். பித்தப்பை ஆபரேஷன் இன்று எவ்வளவு சாதாரணம்! அனுபவமுள்ள இடங்களில் இந்த ஆபரேஷனின் உயிராபத்தும் அதற்கு ஏறத்தாழ சமம்தான், ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவை ஒட்டியது. பூஜ்யம் என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரி மூச்சு அடைப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது தெரிந்தால் அவர்கள் முன்னேற்பாட்டோடு இருப்பார்கள்; சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே மூச்சுக் கருவி கொடுப்பார்கள்.

இனி சின்னவன். இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவன்தான்.

1950 வாக்கில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் பிள்ளைகளைப் பார்க்க அம்மாக்களை எப்போதாவதுதான் விடுவார்கள். அங்கே ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் உட்கார்ந்து கவனித்து எழுதினார். குழந்தை முதலில் அம்மா கேட்டு அலறும், அப்புறம் சோர்ந்து அடங்கிவிடும், கடைசியில் அம்மா வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடங்கிய குழந்தையைப் பார்த்து, பழகிவிட்டது என்று நர்ஸுகள் நினைத்தார்கள். உண்மையில் அது நம்பிக்கை விட்டுப்போன நிலை. பிற்பாடு அவரும் மனைவி ஜாய்ஸும், அம்மா பிரசவத்துக்குப் போன சின்னக் குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே பழகி, குழந்தையின் போர்வையையும் சாப்பாட்டு வழக்கத்தையும் மாற்றாமல், அம்மாவைப் பற்றித் தினமும் பேசினார்கள். அந்தக் குழந்தைகளும் ஏங்கத்தான் செய்தன, ஆனால் உடைந்துபோகவில்லை.

உங்கள் மகனுக்குச் சொந்த வீடு இருக்கிறது, பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த ஆச்சி இருக்கிறார், அக்காளும் கூடவே இருக்கிறாள். இரண்டு வாரத்தில் அவன் உங்களை மறக்க மாட்டான். அவனையும் கோவைக்குக் கூட்டிப்போய் லாட்ஜில் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரியாத ஊர், தெரியாத அறை, தூக்க முடியாத அம்மா என்று மூன்றும் சேர்ந்தால் அவனுக்குச் சொந்த வீடே மேல்.

ஆனால் தூங்கும்போது மட்டும் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் அம்மா பாசத்தில் சொல்கிறார், எனக்குப் புரிகிறது. அப்படிப் போனால் அவன் அழுவதை நீங்கள் பார்க்க வேண்டியிருக்காது, அவ்வளவுதான். அவன் முழித்து வீடெல்லாம் தேடுவான். தூங்கினால் அம்மா போய்விடுவாள் என்று அன்றிலிருந்து தூக்கத்தையே கண்டு பயப்படும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அவன் முழித்திருக்கும்போது, கண்ணெதிரே, சொல்லிவிட்டுப் போங்கள். அழட்டும், ஆச்சி மடியில் அழட்டும்.

இரண்டு நாள் முன்பிருந்து சொன்னால் போதும். "அம்மாவுக்கு ஓட முடியல, மூச்சு வாங்குது. டாக்டர் சரி பண்ணப் போறாங்க. ஆச்சி உன்கூடவே இருப்பாங்க. அம்மா திரும்பி வந்துடுவேன்." வயிற்றுவலி என்று சொல்லாதீர்கள், நாளைக்குத் தன் வயிறு வலித்தால் தன்னையும் எங்கோ அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுவான். "சேட்டை பண்ணினா அம்மா வர மாட்டா" என்ற வாசகம் நம் வீடுகளில் சர்வசாதாரணமாக வாயில் வரும். அதை மட்டும் சொல்லவே கூடாது என்று மாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய நைட்டி ஒன்றை அவன் படுக்கையில் போட்டு வையுங்கள். வீடியோ காலில் உங்களைப் பார்த்து அழுதால் பேசுவதை நிறுத்திவிடத் தேவையில்லை. தினமும் ஒரே நேரத்தில், சுருக்கமாகப் பேசுங்கள். மூக்கிலும் கையிலும் குழாய் இருக்கிற நாளில் குரல் மட்டும் போதும்.

திரும்பி வந்ததும் அவன் உங்களிடம் வராமல் ஆச்சியின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளக்கூடும். அது கோபம். இழுத்து அணைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், தானாக வருவான்.

வந்த பிறகு அதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. நான்கிலிருந்து ஆறு வாரம் வரை கனம் தூக்கக் கூடாது என்பார்கள். இரண்டரை வயதுப் பிள்ளை எப்படியும் பன்னிரண்டு கிலோ இருப்பான். "அம்மா தூக்கு" என்று அவன் கையை நீட்டும்போது நீங்கள் மாட்டேன் என்று சொல்ல வேண்டும். இதை இப்போதே பழக்குங்கள்: நீங்கள் சோபாவில் உட்கார வேண்டும், அவன் ஸ்டூலில் ஏறிப் பக்கத்தில் வர வேண்டும், வயிற்றின் மேல் ஒரு தலையணை. ஆபரேஷனுக்கு முன்பே இது ஒரு விளையாட்டாக ஆகிவிட்டால் பிறகு மறுப்பாகத் தெரியாது.

உங்கள் கணவரின் லீவுக் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. முதல் வாரத்திலேயே ஆபரேஷன் நடந்தாலும், நீங்கள் தூக்கக் கூடாத கடைசி வாரங்களில் அவர் மஸ்கட்டில் இருப்பார். உங்கள் அம்மா வந்து தங்க வேண்டியது அப்போதுதான். இப்போதே பேசி வையுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கர்ப்பம் கூடாது. கணவர் ஊரில் இருக்கும்போதே இதற்கான வழியை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணமும் லேசான விஷயமில்லை. தையல் விட்டுக் கசியும் சிக்கல் பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் வரும். அதனால் டிஸ்சார்ஜ் ஆனதும் அவசரப்பட்டு ஊருக்குக் கிளம்பாமல், முதல் செக்கப் முடியும்வரை கோவையில் தங்கும் உங்கள் திட்டம் சரியானது. திரும்பும்போது காரில் மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள், தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்க அது அவசியம். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், படபடவென்ற நெஞ்சுத் துடிப்பு, தோள்பட்டை வலி, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம், நிற்காத வாந்தி, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மதுரையிலோ திருநெல்வேலியிலோ இந்த ஆபரேஷன் தெரிந்த ஒரு டாக்டரின் எண்ணை கோவை டாக்டரிடமே கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரிடம் குடலிறக்கம் என்று சொல்வது வேண்டாம். ஊருக்கு, "வயிற்றில் ஒரு ஆபரேஷன்" என்றால் போதும், அது பொய்யுமில்லை. மாமியார் நிலை வேறு. இரண்டு வாரம் நீராகாரம், அப்புறம் கூழ், அப்புறம் குழைந்த சாதம் என்றுதான் உங்கள் சாப்பாடு போகும். முக்கால்வாசி இரைப்பை இருக்காது. விஷயம் தெரியாத மாமியார், ஆபரேஷன் ஆன பெண்ணுக்குத் தெம்பு வரட்டும் என்று மட்டன் குழம்பும் சோறும் வைப்பார், நீங்கள் மறுக்க மறுக்க மனத்தாங்கல் வளரும். உங்களுக்குச் சமைக்கப்போவதும் உங்கள் பிள்ளைகளைத் தூக்கப்போவதும் அவர்தான். கணவர் வந்ததும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். முடிந்தால் டாக்டரிடம் ஒருமுறை அவரையும் கூட்டிப்போங்கள். கேலி பேசினாலும் பேசுவார். ஆனால் அன்று பேரன் ரோட்டுக்கு ஓடியது அவருக்கும் தெரியும்தானே?

மூத்தவளிடம், எடை குறைக்கப் போகிறேன் என்பதைவிட உடம்பைச் சரிபண்ணப் போகிறேன் என்று சொல்லுங்கள். ஏன் ஆச்சி வரட்டும் என்றாள் என்பதை, கோபமில்லாத ஒரு நேரத்தில் கேட்டுவிடுங்கள். பள்ளியில் யாராவது உங்களைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்கள், அவள் அதை உங்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் இரண்டு ஸ்பூனோடு எழுந்திருப்பதை அவள் தினமும் பார்ப்பாள். "அம்மாவுக்கு டாக்டர் சொன்ன அளவு இது, உனக்கு உன் பசிக்குத் தகுந்த அளவு" என்று சொல்லி வையுங்கள்.

கடைசியாக அந்தக் காராச்சேவு. அதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள், எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. இந்த ஆபரேஷன் இரைப்பையைச் சுருக்கும், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைக் குறைக்கும். எல்லோரும் தூங்கிய பிறகு வீட்டில் வருகிற அந்த வெறுமை அப்படியேதான் இருக்கும். அப்போது பழையபடி கை டப்பாவுக்குப் போனால் வாந்தியும் வலியும் வரும், சிலருக்கு எடையும் திரும்ப ஏறும். கணவர் தூரத்தில், நாளெல்லாம் பிள்ளைகள், பேச ஆளில்லை. அந்த நேரம்தான் உங்களுக்கென்று கிடைக்கிற ஒரே நேரமாக இருக்கலாம். ஆபரேஷனுக்கு முன் மனநல மதிப்பீடு ஒன்று செய்வார்கள். இதைச் சொன்னால் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். பொதுவாக அப்படி அனுப்ப மாட்டார்கள். கொஞ்சம் சிகிச்சை கொடுத்து, தேவைப்பட்டால் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். எனக்கு எழுதிய அந்த இரண்டு வரியை அங்கேயும் சொல்லுங்கள். ஊருக்கு வந்த பிறகும் போனில் தொடர்ந்து பேச முடியுமா என்று அன்றே கேட்டு, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்