பத்தியத்திலும் சினிகாங் உண்டு

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கிறேன். மனைவி பிலிப்பைன்ஸ்காரர். எங்களோடு இருக்கும் மாமியாருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய், நான்காம் நிலை. டயாலிசிஸ் இன்னும் இல்லை. பத்தியச் சாப்பாட்டைத் தொடாமல் வினிகரில் வேகும் அடோபோ கறியும், புளிப்புச் சாறான சினிகாங்கும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. அந்த ஊர்ச் சமையலில் புளிப்பு தூக்கல், அது உங்களுக்குச் சாதகம். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

இந்த நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குள், அதாவது சுமார் 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்வார்கள். ஒரு மேசைக்கரண்டி 'பட்டிஸ்' மீன்சாறிலேயே சுமார் 1,400 மில்லிகிராம் சோடியம் போய்விடும். சோயா சாஸில் சுமார் 900.

அதனால் சோயா சாஸ் இல்லாத வெள்ளை அடோபோ செய்யுங்கள். வினிகர், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, சிட்டிகை உப்பு போதும். அங்கே அது பழைய முறைதான், மாமியாரிடம் பத்தியம் என்று சொல்லவே வேண்டாம்!

சினிகாங்குக்குப் பாக்கெட் பொடி கூடாது, அதில் உப்பு அதிகம். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். புளிப்புக்குக் கமியாஸ், அதாவது பிலிம்பிக்காய் போடுவதும் உண்டு. அது வேண்டவே வேண்டாம். அதில் ஆக்ஸலேட் மிக அதிகம். அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் கேரளத்தில் உண்டு. அதே இனத்து ஸ்டார் ஃப்ரூட் இன்னும் மோசம். அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு, உயிராபத்து வரை போகும்.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தால் மட்டும் கங்கோங் கீரை, தக்காளியைக் குறையுங்கள். சேம்பைத் தோல் சீவி நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சேருங்கள். தினோலா கோழிச் சாறில் முருங்கைக்கீரைக்குப் பதில் சௌசௌ, சுரைக்காயைக் கூட்டலாம். 'லோ சோடியம்' உப்பு வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு.

கறி எத்தனை துண்டு என்பதை உணவியல் நிபுணர்தான் சொல்ல வேண்டும். இப்போது புரதம் அளவோடு. டயாலிசிஸ் தொடங்கினால் கூடுதலாகத் தேவைப்படும். கருவாடு, லோங்கனிசா என்ற தொத்திறைச்சி, கரே-கரே என்ற வேர்க்கடலைக் குழம்போடு வைக்கும் பகூங் (உப்பில் ஊறிய இறால் விழுது) எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், சாப்பாட்டு மேசையில் தொட்டுக்கொள்ள வைக்கும் சாவ்சாவான் கிண்ணம். அடுப்படியில் மிச்சம் பிடித்த உப்பெல்லாம் அதில்தான் திரும்பி வரும். பட்டிஸ் பாட்டிலை எடுத்துவிட்டு, கலமான்சி என்ற சிறு எலுமிச்சையின் சாற்றில் பச்சை மிளகாயும் பூண்டும் நசுக்கிப் போட்டு வையுங்கள்.