எம்.எஸ்.டபிள்யூ. எங்கே படிப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் ஒரு மருத்துவமனையின் உதவி மேசையில் தன்னார்வலராக உட்காருகிறேன். அங்கே இருக்கும் மருத்துவச் சமூகப்பணியாளரைப் பார்த்துப் பார்த்துத்தான் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணியில் முதுகலை, படிக்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது.

மூன்று இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம். இன்னொன்று அதிகம் பேர் கேள்விப்படாத சிறிய துறை; ஆனால் களப்பணியை, அதாவது படிக்கும்போதே மருத்துவமனை போன்ற இடங்களில் செய்யும் நேரடிப் பயிற்சியை, நன்றாக நடத்துவார்கள் என்கிறார் எங்கள் சமூகப்பணியாளர். மூன்றாவது ஆன்லைன், வேலையை விடாமலே படிக்கலாம். வீட்டில் "உதவி செய்ய மனசு இருந்தால் போதாதா, அதற்கு இரண்டு வருடப் படிப்பு எதற்கு?" என்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரவேண்டிய நோக்க அறிக்கைக்கு ஒரு வரி எழுதினேன்: "சிறுவயது முதலே மற்றவர்களுக்கு உதவுவதே என் லட்சியம்." அதற்குமேல் நகரவில்லை. என் அப்பா குடிநோயாளியாக இருந்து இறந்தவர். அதை எழுதலாமா? எழுதினால் அனுதாபம் தேடுகிறேன் என்று நினைப்பார்களா?

சென்ற வாரம் ஒரு பெரியவர் அதே விண்ணப்பத்தாளோடு மூன்றாவது முறையாக வந்தார். ஒவ்வொரு முறையும் "கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன்" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. இதையெல்லாம் முறையாகக் கற்றுக்கொள்ளவேண்டும். வணிகவியல் படித்தவளை எடுப்பார்களா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

கடைசிக் கேள்வி எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். எடுப்பார்கள். எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரும் சமூகப்பணி முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் விதி. இளங்கலையிலேயே சமூகப்பணி படித்தவர்களுக்குச் சில நாடுகளில் சலுகை உண்டு. அமெரிக்காவில் அவர்கள் இரண்டு வருடப் படிப்பை ஏறக்குறைய ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை, அவ்வளவுதான்.

கணக்குப் பிரிவிலிருந்து வருகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். சமூகப்பணியைக் கற்பிக்கத்தக்க ஒரு துறையாக வளர்த்தவர்களில் மேரி ரிச்மண்ட் முக்கியமானவர். அவர் கல்லூரிக்குப் போனதில்லை. கணக்கெழுதும் வேலை பார்த்தவர், 1889இல் பால்டிமோர் நகரத்தின் அறநிறுவனம் ஒன்றில் உதவிப் பொருளாளராகச் சேர்ந்தார். அங்கிருந்துதான் இந்தத் துறைக்குள் வந்தார்.

உங்கள் வீட்டார் கேட்கும் கேள்வியை அவர் காலத்திலும் கேட்டார்கள். அப்போது ஏழைகளின் வீடுகளுக்குத் தன்னார்வலர்கள்தான் போய்வந்தார்கள். பெரும்பாலும் வசதியான குடும்பத்துப் பெண்கள். நல்ல மனசுக்குக் குறைவில்லை. ஆனால் படியேறியதும் வீடு சுத்தமாக இருக்கிறதா, ஆண்பிள்ளை குடிக்கிறானா என்று பார்ப்பார்கள். இந்தக் குடும்பம் உதவிக்குத் தகுதியானதா, இல்லையா என்று முடிவு கட்டிவிட்டுத் திரும்புவார்கள். உங்கள் அப்பா உயிரோடு இருந்த நாளில் அப்படி ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் என்ன எழுதிக்கொண்டு போயிருப்பார்? அதை நினைத்துப் பார்த்தால் மனசு மட்டும் ஏன் போதாது என்று வீட்டில் சொல்ல உங்களுக்கே வார்த்தை கிடைக்கும்.

1897இல் ரிச்மண்ட் இதற்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று வாதிட்டார். மறு வருடமே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைப் பள்ளி தொடங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான். 1899இல் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு வருடப் படிப்பே வந்துவிட்டது. மும்பையில் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் தொடங்கியது 1936இல். ஆக, இந்தப் படிப்புக்கு நூற்றாண்டைத் தாண்டிய வயது.

இனி, எந்த இடம் என்ற கேள்வி.

பட்டம் பெற்றபின் எங்கே வேலை செய்யப்போகிறீர்களோ அங்கே அந்தப் பட்டம் செல்லுமா என்று பாருங்கள். இதை யாரும் உங்களுக்காகப் பார்த்துத் தரமாட்டார்கள். இங்கிலாந்தில் சமூகப்பணியாளர் என்ற பெயரே சட்டப் பாதுகாப்புள்ளது. ஒப்புதல் பெற்ற படிப்பை முடித்துப் பதிவு செய்யாமல் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூட முடியாது. அமெரிக்க மாநிலங்களில் மனநலச் சிகிச்சை தருவதற்கான உரிமம் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற முதுகலை வேண்டும், அதன்பின் மேற்பார்வையில் சில காலம் வேலையும் செய்திருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு இது மாறும். குறிப்பாக அந்த ஆன்லைன் படிப்பை இந்த ஒரு கேள்வியில் நிறுத்திப் பாருங்கள். தேறவில்லையென்றால் மற்ற வசதிகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அதில் தேறிய இடங்களுக்குள் களப்பணியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுத வருவதற்கு முன் இந்தத் துறையில்தான் இருந்தேன். களப்பணி மாணவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் சேர்க்கை நேர்காணல்களிலும் இருந்திருக்கிறேன். 2014இல் மெல்போர்னில் ஏற்கப்பட்ட உலகளாவிய வரையறை சமூகப்பணியை நடைமுறையை அடிப்படையாகக் கொண்ட தொழில் என்றே தொடங்குகிறது. அமெரிக்காவில் முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பணி கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 1000 மணி நேரம், அதுவும் குறைந்தது இரண்டு இடங்களில். இங்கிலாந்தில் 200 நாட்கள். வகுப்பறைப் பாடங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாயப் பணி, மனித நடத்தை, சமூகக் கொள்கை, ஆய்வுமுறை. வேறுபாடு அந்த மணி நேரங்கள் எப்படிக் கழிகின்றன என்பதில்தான் இருக்கிறது.

நல்ல களப்பணி எப்படி இருக்கும் என்று ஒரு தாளை வைத்துச் சொல்கிறேன். ஒருவரைச் சந்தித்துவிட்டு வந்த மாணவர் அந்த உரையாடலை நினைவிலிருந்து அப்படியே எழுதவேண்டும். ஒரு பத்தியில் அவர் சொன்னது, நான் சொன்னது. பக்கத்துப் பத்தியில் அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது. மூன்றாவது பத்தி மேற்பார்வையாளருக்கு. ஒரு மாணவி ஒரு அம்மாளைச் சந்தித்துவிட்டு, "அவர் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு வந்தார். நான் ஓரத்தில், "என்ன செய்தார்?" என்று மட்டும் எழுதினேன். யோசித்துவிட்டு, கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார் என்றார். கதவுக்கு வெளியே யார்? அவருடைய மருமகன். அடுத்த சந்திப்பு வேறு அறையில் நடந்தது, அந்த அம்மாள் பேசினார். இந்த வேலையைப் புத்தகத்தில் படித்துக்கொள்ள வழியில்லை. உங்கள் தாளை ஒருவர் வாராவாரம் உட்கார்ந்து படித்தால்தான் நடக்கும்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் துறைக்கு எழுதிக் கேளுங்கள். களப்பணிக்கான இடத்தை யார் ஏற்பாடு செய்கிறார்கள், துறையா, நானா? அங்கே எனக்கு மேற்பார்வையாளராக இருப்பவர் சமூகப்பணி படித்தவரா, இல்லை நிர்வாக அலுவலரா? வாரத்தில் எவ்வளவு நேரம் எனக்கென்று ஒதுக்குவார்? நான் எழுதும் பதிவுகளைத் துறையில் யாராவது படிக்கிறார்களா? நிறுவனம் மாணவர்களைக் கோப்பு அடுக்கவும் விழாவுக்கு நாற்காலி போடவும் பயன்படுத்தினால் துறை என்ன செய்யும்? பாதி வழியில் இடம் சரிவரவில்லையென்றால் மாற்றுவீர்களா? இதையெல்லாம் எந்தத் துறையும் நேராகச் சொல்லிவிட முடியும். மழுப்பலாகப் பதில் வந்தால் அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடமும் பேசிப் பாருங்கள், "போன வாரம் களப்பணியில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

பெரிய பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆய்வுக்கோ கொள்கை வகுக்கும் அமைப்புகளுக்கோ போக நினைப்பவருக்கு அந்த நூலகமும் ஆசிரியர்களும் தொடர்புகளும் உதவும். நீங்கள் மருத்துவமனையில் நோயாளியோடும் குடும்பத்தோடும் உட்கார ஆசைப்படுகிறீர்கள். உங்களுக்கு அந்தச் சிறிய துறைதான் சரி என்று என் மனசு சொல்கிறது, மேலே உள்ள கேள்விகளில் அது தேறினால்.

ஆன்லைன் பற்றி ஒரு வார்த்தை. பாடத்தைத் திரையில் கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேலையை விடாமல் படிக்கலாம் என்பதைத்தான் நம்பாதீர்கள். 900 மணி நேரம் என்றால் வாரம் இரண்டு முழு நாள் போனாலும் 56 வாரம் ஆகும். அந்த நாட்களில் பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான் மருத்துவமனையும் பள்ளியும் நீதிமன்றமும் இயங்கும். போதாததற்கு, பல ஆன்லைன் படிப்புகளில் களப்பணி இடத்தை நீங்களே தேடிக்கொள்ளவேண்டும். எந்த வழியில் படித்தாலும் களப்பணிக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. இதனால் பாதியில் நின்றவர்களை எனக்குத் தெரியும். திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் தகுதியுள்ள சமூகப்பணி மாணவர்களுக்குக் களப்பணிக் காலத்தில் அரசே உதவித்தொகை தருகிறது. எல்லா நாடுகளும் இதைச் செய்யவேண்டும். அதுவரை, வருமானம் குறையும் அந்த மாதங்களை எப்படித் தாண்டுவது என்று இப்போதே எழுதிக் கணக்குப் பாருங்கள். அது உங்களுக்குக் கைவந்த வேலைதான்.

நோக்க அறிக்கைக்கு வருவோம். நீங்கள் எழுதிய முதல் வரியை அடித்துவிடுங்கள். பொய் என்பதற்காகச் சொல்லவில்லை. அது உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. சேர்க்கைக் குழுவில் இருப்பவர் ஒரே நாளில் அந்த வரியைப் பல பெயர்களில் படித்திருப்பார். அவர் தேடுவது வேறு: இந்த மனிதர் எதிரே இருப்பவரைக் கவனிக்கிறாரா, தான் கவனித்ததைத் தானே சந்தேகிக்கத் தெரியுமா, சொன்னால் கேட்டுக்கொள்வாரா?

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் அது இருக்கிறது. அந்தப் பெரியவரைப் பற்றி எழுதுங்கள். மூன்றாவது முறை புரிந்ததும் என்ன செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லவில்லை, விண்ணப்பத்தில் சொல்லுங்கள். "எழுதப் படிக்கத் தெரியாதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டீர்களா? எல்லோருக்கும் செய்வதுபோலத் தாளை வாங்கி வாய்விட்டுப் படித்து நிரப்பிக் கொடுத்தீர்களா? கண்ணாடிக் கதையை முதல் இரண்டு முறை ஏன் அப்படியே ஏற்றுக்கொண்டீர்கள்? அவர் ஏன் அதைச் சொல்லவேண்டியிருந்தது? அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள். அதே தாளை வாங்கிக்கொண்டு திரும்பி வராமலே போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வாய்மொழியாகக் கேட்டு நிரப்பிக் கொடுக்க அந்த மேசையில் ஏன் ஏற்பாடு இல்லை? ஒரு மனிதரிடமிருந்து ஒரு நடைமுறைக்கு யோசனை நகரும் இந்த இடத்தில்தான் சமூகப்பணி மற்ற உதவிகளிலிருந்து விலகி நிற்கிறது. இதை நீங்களே தொட்டிருக்கிறீர்கள், பெயர் தெரியாமல். இதற்குமேல் எனக்கு என்ன கற்றுக்கொள்ளவேண்டும், அதை இந்தத் துறையில் எங்கே கற்கமுடியும் என்று சேருங்கள். துறையின் பெயரை மாற்றினாலும் பொருந்துகிற பத்தி ஒன்றுகூட இருக்கக்கூடாது. பெரியவரின் பெயரையும் அடையாளத்தையும் எழுதாதீர்கள், அதையும் கவனிப்பார்கள்.

அப்பாவைப் பற்றி. எழுதலாம், எழுதவேண்டிய கட்டாயமில்லை. இந்தத் துறைக்கு வரும் பலர் வீட்டில் எதையாவது பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் படிக்கிறவருக்கு ஒரு கவலை இருக்கும்: நாளை குடித்துவிட்டு வந்த ஒருவர் எதிரே உட்கார்ந்தால் இவர் அவரைப் பார்ப்பாரா, தன் அப்பாவைப் பார்ப்பாரா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் இருந்தால் ஒரு பத்தி எழுதுங்கள். நடந்ததை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, மிச்சத்தை அது இன்று உங்களை எப்படிப் பார்க்க வைக்கிறது என்பதற்குக் கொடுங்கள். நேர்காணலில் முன்பின் தெரியாதவர் அதைப் பற்றிக் கேட்டால் பேசமுடியும் என்று தோன்றினால்தான் எழுதுங்கள். தோன்றவில்லையென்றால் விட்டுவிடுங்கள். உங்கள் துயரத்தைக் காட்டித்தான் இடம் வாங்கவேண்டும் என்று ஒருவரும் உங்களைக் கேட்க முடியாது.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி அலையாதீர்கள். உங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் போதும். மருத்துவமனையின் சமூகப்பணியாளர் ஒருவர், உங்கள் கணக்குப் பிரிவு மேலாளர் இன்னொருவர். சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிப்பார், தப்பு நடந்தால் மறைக்கமாட்டார் என்று ஒரு மேலாளர் எழுதினால் களப்பணியைக் கவனிப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். இருவருக்கும் உங்கள் நோக்க அறிக்கையின் நகலோடு ஒரு மாத அவகாசமாவது கொடுங்கள். கேட்கப் போகும்போது அந்தச் சமூகப்பணியாளரிடம் அவர் எங்கே களப்பணி செய்தார், மேற்பார்வையாளர் யார், அவரிடம் என்ன கற்றார் என்றும் கேளுங்கள். சிறிய துறையைப் பற்றி அவர் சொன்னது எதை வைத்து என்று அப்போது தெரிந்துவிடும்.

அன்புடன்