அட்வர்ஸ் என்றால் வெறும் 'மோசம்' தானா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பயிர்ச் சேதத்துக்கு மகன் ஆங்கிலத்தில் எழுதிய மனுவில் 'அட்வர்ஸ் வெதர்' என்று போட்டிருக்கிறான். 'பேட் வெதர்' என்றால் போதாதா? நிலத் தகராறில் வக்கீல்கள் சொல்லும் 'அட்வர்ஸ் பொசெஷன்' இதே சொல்லா?"

இதே சொல்தான். மகன் எழுதியதும் சரி.

'பேட்' என்றால் பொதுவாக மோசம். 'அட்வர்ஸ்' என்றால் பாதகமானது, எதிராக நிற்பது. எதற்குப் பாதகம் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஐப்பசி அடைமழையை எடுத்துக்கொள்ளுங்கள். குறுவை அறுப்பு தள்ளிப்போய், கதிர் சாய்ந்து கிடக்கும் வயலுக்கு அது அட்வர்ஸ். வரப்புக்கு அந்தப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு எட்டாமல் வாடி நிற்கும் சம்பா இளம்பயிருக்கு அதே மழை அமிர்தம். தை அறுப்பில் கொட்டினால் சம்பாக்காரர் பாடும் திண்டாட்டம்தான். நம் 'சாதக பாதகம்' என்ற பேச்சில் வரும் பாதகம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் 'மிட் சீசன் அட்வர்சிட்டி' இதன் பெயர்ச்சொல். பருவத்தின் நடுவிலேயே, விளைச்சல் வழக்கத்தில் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிகிற நிலை அது. ஆனால் மனுவில் 'அட்வர்ஸ் வெதர்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். சர்வே எண், எத்தனை நாள் தண்ணீர் நின்றது, பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்றெல்லாம் சேருங்கள். தமிழிலேயே எழுதலாமே!

இந்தச் சொல் நிலைமை, விளைவு, கருத்து போன்றவற்றோடுதான் சேரும். மருந்து உடம்புக்குக் கேடு செய்தால் 'அட்வர்ஸ் எஃபெக்ட்', அலுவலரின் பணிக் குறிப்பில் பாதகமாக எழுதினால் 'அட்வர்ஸ் ரிமார்க்'. புழுத்த அரிசியை 'அட்வர்ஸ் ரைஸ்' என்றால் சிரிப்பார்கள்.

படித்தவர்களே சறுக்கும் இடம், இதைப் போலவே ஒலிக்கும் 'அவர்ஸ்' (averse) என்ற சொல். கடன் வாங்கப் பிடிக்காதவர் 'ஐ ஆம் அட்வர்ஸ் டு லோன்ஸ்' என்று எழுதினால் தப்பு. அங்கே 'அவர்ஸ் டு' வர வேண்டும். இரண்டும் 'திரும்புதல்' என்ற லத்தீன் வேரில் பிறந்தவை. எதிர்த்துத் திரும்பி நிற்பது அட்வர்ஸ், பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவர்ஸ்.

அப்புறம் அந்த 'பொசெஷன்'. தமிழில் எதிரிடை அனுபவம் என்பார்கள். பிறர் நிலத்தை, உரிமையாளருக்கு எதிராக, ஒளிவுமறைவில்லாமல், தொடர்ந்து 12 ஆண்டுகள் வைத்திருப்பது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள். இங்கேயும் 'எதிராக' என்பதுதான் முக்கியம். நிலத்துக்காரர் சம்மதத்தோடு குத்தகைக்கு உழுபவர் 40 வருஷம் உழுதாலும், அந்தச் சம்மதம் இருக்கும்வரை அது அட்வர்ஸ் ஆகாது.